ஓட்டமா, எறிகையா? அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தெரிவு முறையும் கிளித்தட்டு மரபும்

விளையாட்டினை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கும் மனப்பாங்கு எமது ஆய்வுலகிலே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. நாட்டார் பாடல்கள் தொகுக்கப்பட்டன, பழமொழிகள் வகைப்படுத்தப்பட்டன, கூத்துக்கள் மேடையேற்றப்பட்டன. ஆயின், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தின் மணற்றரையிலே கோடு கீறி ஆடப்பட்டு வந்த விளையாட்டுக்கள் எத்தகைய சிந்தனை முறையைத் தம்மகத்தே கொண்டுள்ளன என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இவ்வினாவுக்கு விடைதேடும் முயற்சியில், எமக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு விளையாட்டு எதிர்பாராத ஒளியைப் பாய்ச்சுகின்றது. அது அமெரிக்க உதைபந்தாட்டம்.

அவ்வாட்டத்திலே அண்மைக் காலத்தில் பெருவழக்குப் பெற்றுள்ள ஒரு தாக்குதல் முறை 'றன் பாஸ் ஒப்ஷன்' என்னும் பெயரால் வழங்குகின்றது. இதனை நாம் 'ஓட்ட–எறிகைத் தெரிவு' என்று தமிழிற் குறிப்பிடலாம். பந்துடன் ஓடுவதா, பந்தை விரைந்து எறிவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாது, ஆட்டம் தொடங்கிய பின்னர் எதிரணியைச் சேர்ந்த ஒருவரின் அசைவினைக் கண்டு முடிவு செய்தலே இம்முறையின் சாரமாகும். இங்கு ஓட்டம் எனும்போது துடுப்பாட்டத்தில் எண்ணப்படும் ஓட்டத்தை நாம் கருதவில்லை; பந்தை ஏந்தி முன்னேறுவதையே கருதுகின்றோம்.

இம்முறையின் இயக்கத்தை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். தீர்மானிக்கும் அறிவு எங்கே உறைகின்றது, திட்டம் வகுப்போரிடமா, களத்திலே நிற்போரிடமா என்னும் வினாவை ஆராய்வது இரண்டாவது நோக்கம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

எமது வாசகருக்கு நன்கு பழக்கமான கிளித்தட்டிலிருந்தே விளக்கத்தைத் தொடங்குவது பொருத்தமானது. ஆடும் முறையில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் அடிப்படை ஒன்றே. நீள்சதுரமான களம், அதன் நடுவே நெடுங்கோடு, அதனை வெட்டிச் செல்லும் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிப்பவர் ஒருவர் நிற்பார். அவர் தமது கோட்டை விட்டு அகலலாகாது. 'கிளி' எனப்படுபவர் மாத்திரம் நடுக்கோட்டிலும் ஓடித் தொடும் உரிமை பெற்றவர். எதிரணியினர் எவருடைய கையும் படாமல் கட்டங்களைக் கடந்து மறுமுனையை அடைந்து திரும்புதல் வேண்டும்.

ஒரு குறுக்குக் கோட்டின் முன்னே இருவர் நிற்கின்றனர் என்று கொள்வோம்: ஒருவர் நடுக்கோட்டின் இடப்புறத்தில், மற்றவர் வலப்புறத்தில். மறிப்பவர் ஒருவரே. அவர் இடப்புறம் சாய்ந்தால் வலப்புறத்தவர் கடந்து விடுவார்; வலப்புறம் சாய்ந்தால் இடப்புறத்தவர் கடந்து விடுவார். அவர் விரைவும் திறமையும் மிக்கவராயிருக்கலாம். ஆயினும் ஒரே கணத்தில் இரண்டு இடங்களில் நிற்க அவரால் இயலாது. கடப்பவர்களோ, 'நான்தான் கடப்பேன்' என்று முன்னரே உறுதிபூண்டு ஓடுவதில்லை. மறிப்பவரின் தோளும் பாதமும் எப்பக்கம் திரும்புகின்றன என்பதைப் பார்த்து நிற்கின்றனர். அவருடைய முதலடியே அவர்களுக்கு விடையாக அமைகின்றது.

ஒருவரை இரு கடமைகளுக்கு இடையே நிறுத்தி, அவர் ஒன்றைத் தேர்ந்ததும் மற்றையதைப் பயன்படுத்துதல் என்ற இத்தத்துவமே ஓட்ட–எறிகைத் தெரிவின் கருவாகும். சந்தாங்கேணி மைதானத்தில் உதைபந்து ஆடும் இளைஞர் இருவர் ஒரே ஒரு பின்கள வீரரை நோக்கிப் பந்தைக் கொண்டு செல்லும்போதும், றக்பி வீரர் எதிரியைத் தம்பால் ஈர்த்துவிட்டு இறுதிக் கணத்தில் பந்தைப் பக்கத்திலுள்ளவருக்குக் கைமாற்றும்போதும் இதே தத்துவம் தொழிற்படுவதைக் காணலாம்.

ஆட்டத்தின் அமைப்பு

அமெரிக்க உதைபந்தாட்டம் இலங்கையிலே வேரூன்றிய ஒன்றன்று. 2012 ஆம் ஆண்டில் இந்தியாவை மையமாகக் கொண்டு நடத்தப்பெற்ற ஒரு தொழில்முறைத் தொடரில் 'கொழும்பு லயன்ஸ்' என்ற பெயரிலே ஓரணி இடம்பெற்றது என்பதைத் தவிர, எமது மக்களுக்கு அதனுடன் நேரடித் தொடர்பு குறைவு. எனவே அதன் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகின்றது.

அணிக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 கஜம். அதன் இரு முனைகளிலும் 10 கஜ ஆழமுள்ள இலக்குப் பரப்புக்கள் உள்ளன. முட்டை வடிவான பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு எத்தனங்கள் அளிக்கப்படும். அவற்றுள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு எத்தனங்கள் கிடைக்கும். முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குச் செல்லும். ஒவ்வோர் எத்தனமும் சில விநாடிகளே நீடிப்பது. அதன் பின் ஆட்டம் நின்று, இரு அணிகளும் பந்து வைக்கப்பட்ட இடத்தின் வழியே செல்லும் கற்பனைக் கோட்டின் இருபுறமும் மீண்டும் அணிவகுக்கும். இக்கோட்டை நாம் 'மோதற்கோடு' என்போம்.

தாக்கும் அணியின் முன்னிரையிலே உடல்வலிமை மிக்க ஐவர் நிற்பர். எதிரிகளைத் தள்ளி வழியமைப்பதும் அரணாக நிற்பதும் அவர்தம் பணி; இவர்களை 'அரணாளர்' எனலாம். அவர்களுக்குப் பின்னே 'குவாட்டர்பக்' எனப்படுபவர் நிற்பார். ஒவ்வோர் எத்தனத்திலும் பந்து முதலில் அவர் கைக்கே வருவதால் அவரை 'நெறியாளர்' என்று அழைப்போம். அவர் பந்தை 'ஓட்டக்காரர்' கையிற் கொடுத்து ஓடவிடலாம். அல்லது முன்னோக்கி ஓடும் 'ஏந்துநர்' ஒருவருக்கு எறியலாம். முன்னோக்கி எறிதல் ஆதியில் இவ்வாட்டத்திலே தடுக்கப்பட்டிருந்தது. 1905 ஆம் ஆண்டிலே களத்தில் நிகழ்ந்த உயிரிழப்புக்களும் படுகாயங்களும் நாடளாவிய கண்டனத்தைத் தோற்றுவித்தன. சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அதனைத் தொடர்ந்து 1906 இல் முன்னெறிகை சட்டபூர்வமாக்கப்பட்டது. ஓட்டம், எறிகை என்னும் இருவழிகள் அன்று தொடக்கமே நிலவுகின்றன. ஆயினும், ஒவ்வோர் எத்தனத்துக்கும் இவற்றுள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்து கட்டளையிடுவதே நெடுங்காலப் பொது வழக்காயிருந்தது.

தடுப்பவர் எதனைப் பார்க்கின்றார்?

முன்கூட்டியே தெரியப்பட்ட ஆட்டத்தில் ஒரு குறைபாடு உண்டு. அதனைத் தடுப்பவர் படித்தறிய முடியும். ஓட்டத்துக்கான எத்தனத்தில் அரணாளர் ஐவரும் முன்னோக்கிப் பாய்ந்து எதிரிகளைத் தள்ளுவர். எறிகைக்கான எத்தனத்திலோ அவர்கள் பின்னோக்கி அடிவைத்து நெறியாளரைச் சூழ அரணமைப்பர். தடுக்கும் அணியின் இரண்டாம் நிரையில் நிற்பவர்கள் பந்தைப் பாராது அரணாளரின் முதலடியைப் பார்ப்பதற்கே பயிற்றப்படுகின்றனர். அரணாளர் முன்னே பாய்ந்தால் இவர்களும் முன்னே விரைந்து ஓட்டத்தை அடைப்பர். பின்வாங்கினால் தாமும் பின்வாங்கி எறிகையைக் காப்பர்.

மற்றொரு குறைபாடு எண்ணிக்கை சார்ந்தது. நெறியாளர் பந்தைக் கைமாற்றிய பின்னர் பெரும்பாலும் பார்வையாளராகி விடுகின்றார். பந்தை ஏந்தி ஓடுபவர் எவரையும் தள்ள இயலாது. ஆகவே, தடுக்கும் 11 பேரை எதிர்கொள்ளத் தாக்கும் அணியில் 9 பேரே எஞ்சுகின்றனர். தடுப்பவர் பக்கத்தில் எப்போதும் மிகையான கைகள் உள்ளன. இக்கணக்கை எவ்வாறு சமன் செய்வது என்பதே தாக்குதல் உத்திகளின் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்கும் பிரச்சினையாகும்.

தெரிவின் இயக்கம்

மேற்கூறிய இரு குறைபாடுகளையும் ஓட்ட–எறிகைத் தெரிவு ஒருங்கே தீர்க்க முனைகின்றது. அதன் எளிய வடிவம் ஒன்றைப் படிமுறையாக நோக்குவோம்.

மோதற்கோட்டின் அருகே தடுக்கும் அணியினர் எழுவர் நிற்கின்றனர் என்க. தாக்கும் அணியில் அவர்களைத் தள்ளுவதற்கு ஆறு பேரே உள்ளனர். எனவே ஒருவர் தடையின்றி விடப்படுகின்றார். அவர் தவறுதலாக விடப்பட்டவரல்லர். வேண்டுமென்றே தெரிந்தெடுத்து விடப்பட்டவர். பெரும்பாலும் அவர் இரண்டாம் நிரையைச் சேர்ந்தவராயிருப்பார். ஓட்டத்தை அடைப்பதும், தமக்குப் பின்னாலுள்ள வெளியிலே எறிகையைக் காப்பதும் ஆகிய இரு கடமைகளும் அவர்மீது சுமத்தப்பட்டிருக்கும். கிளித்தட்டின் குறுக்குக் கோட்டிலே நிற்பவரின் நிலையும் இதுவே.

பந்து நெறியாளர் கைக்கு வருகின்றது. அரணாளர் ஐவரும் ஓட்டத்துக்கே உரிய முறையில் முன்னே பாய்கின்றனர். நெறியாளர் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றருகே நீட்டுகின்றார். ஓட்டக்காரரின் கைகள் பந்தின்மேல் மெல்ல மூடுகின்றன. ஆயினும் நெறியாளர் தமது பிடியை விடவில்லை. அவருடைய கண்கள் பந்திலோ ஓட்டக்காரரிலோ இல்லை. தடையின்றி விடப்பட்ட அந்த ஒருவரிலேயே பதிந்துள்ளன. அவர் முன்னே விரைந்தால், அவர் விட்டுச் சென்ற வெளியினூடே குறுக்காக ஓடிவரும் ஏந்துநருக்கு நெறியாளர் பந்தைப் பறித்தெடுத்து எறிகின்றார். அவர் பின்வாங்கினாலோ தயங்கி நின்றாலோ பந்தை ஓட்டக்காரரிடம் விட்டுவிடுகின்றார்; அப்போது ஓட்டத்தை அடைக்கும் கைகளில் ஒன்று குறைந்து விடுகின்றது. இவையாவும் ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

ஓட்டத்தைப் பாவனை செய்துவிட்டு எறிதல் என்னும் பழைய உத்தியோடு இதனை மயக்கலாகாது. பாவனை ஆட்டத்தில் எறிவது என்பது முன்னரே முடிவாகி விடுகின்றது. ஓட்டம் வெறும் நடிப்பு. தெரிவு ஆட்டத்திலோ ஓட்டமும் மெய், எறிகையும் மெய். பாவனையில் எதிரி ஏமாற்றப்படுகின்றார். தெரிவில் அவர் சரியாகவே செயற்பட்டாலும் தோற்கின்றார். ஏனெனில் அவர் எதனைச் செய்கின்றாரோ அதற்கு மாறானதே நிகழ்கின்றது. உடலால் தடுக்காமல் விடப்பட்ட ஒருவரை நெறியாளர் தமது கண்ணாலே தடுத்துவிடுகின்றார் எனலாம். எண்ணிக்கையில் நிலவிய குறை இவ்வாறு சமன்செய்யப்படுகின்றது.

தெரிவுகள் யாவும் ஆட்டம் தொடங்கிய பின்னரே செய்யப்படுவனவல்ல. அணிவகுத்து நிற்கும்போதே, களத்தின் ஓரத்தில் ஏந்துநர் மூவரை இருவரே காத்து நிற்கக் கண்டால், நெறியாளர் உடனடியாகப் பக்கவாட்டில் எறிந்து விடலாம். முன்னது அசைவைப் படித்தல். பின்னது எண்ணிக்கையைப் படித்தல்.

விதி வகுக்கும் எல்லை

எறிகை ஏன் விரைவானதாக இருத்தல் வேண்டும்? இதற்கு விடை விதியிலே உள்ளது. முன்னெறிகை நிகழும்போது அரணாளர் மோதற்கோட்டைத் தாண்டி வெகுதூரம் சென்றிருத்தல் ஆகாது. தேசிய உதைபந்துச் சங்கத்தின் தொழில்முறை ஆட்டத்தில் இவ்வெல்லை 1 கஜம். கல்லூரி ஆட்டத்தில் 3 கஜம். அரணாளர் ஓட்டத்துக்கென முன்னே பாய்பவர்களாதலால் ஒவ்வொரு கணமும் அவர்களை அவ்வெல்லையை நோக்கித் தள்ளுகின்றது. நெறியாளர் சற்றே தாமதித்தாலும் எறிகை விதிமீறலாகி விடும். இம்முறை கல்லூரிக் களங்களில் முதலிற் செழித்தமைக்கும், தொழில்முறை ஆட்டத்தில் தாமதமாகவே பரவியமைக்கும் இவ்விரு கஜ வேறுபாடு ஒரு முக்கிய காரணமாகும். நுட்பங்கள் அறிவின் கூர்மையால் மட்டும் வளர்வதில்லை. விதிகள் விட்டுவைக்கும் இடைவெளிகளிலேயே அவை முளைக்கின்றன.

இம்முறைக்கு மாற்று இல்லையென்று கொள்வதும் தவறு. தடுக்கும் அணியினர் ஒவ்வோர் ஏந்துநரையும் ஒவ்வொருவர் பின்தொடருமாறு பொறுப்பளித்தால், தனித்து விடப்பட்டவருக்கு இரு கடமைகள் இருப்பதில்லை. அவர் தயக்கமின்றி ஓட்டத்தை அடைக்கலாம். மேலும், அவர் முன்னே செல்வதுபோற் காட்டிப் பின்வாங்கலாம். அல்லது அவர் விட்டுச் சென்ற வெளியை நிரப்ப மற்றொருவர் எதிர்பாராத திசையிலிருந்து வந்து சேரலாம். படிப்பவரைப் பிழையாகப் படிக்கச் செய்தலே தடுப்பவரின் கலை. கிளித்தட்டில் தேர்ந்த மறிப்பவரும் தோளால் ஒரு பக்கமும் காலால் மறுபக்கமும் காட்டுவதை நாம் அறிவோம்.

வரலாற்று நோக்கு

ஓட்ட–எறிகைத் தெரிவு திடீரெனத் தோன்றியதன்று. 1941 ஆம் ஆண்டில் மிசூரிப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் டொன் ஃபொறட், தடுக்கும் அணியின் ஓர வீரரைத் தடையின்றி விட்டு, அவர் அசைவுக்கேற்ப நெறியாளர் பந்துடன் தாமே ஓடுவதா, பக்கத்தவருக்கு வழங்குவதா எனத் தீர்மானிக்கும் முறையைப் புகுத்தினார். கூடைப்பந்தாட்டத்திலே இருவர் ஒருவரை எதிர்கொள்ளும் நிலைமையே அவருக்கு இக்கருத்தை அளித்தது. 1960 களின் நடுப்பகுதியில் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமனும், 1968 இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமொறி பெலார்டும் இத்தத்துவத்தை விரித்து, ஒரே எத்தனத்தில் மூன்று தெரிவுகள் அடுத்தடுத்து வரும் அமைப்புக்களை உருவாக்கினர்.

1990 களின் முற்பகுதியிலே மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் கிளென்வில் என்னும் சிறு கல்லூரியில் றிச் றொட்றிகஸ் பயிற்றுவிப்பாளராயிருந்தார். ஒருநாட் பயிற்சியில் பந்தைக் கைமாற்றுவது பிழைத்துப் போக, நெறியாளரான மாணவர் தாமே பந்துடன் வேறு திசையில் ஓடினார். ஏன் அவ்வாறு செய்தாய் என்று வினவியபோது, ஓர வீரர் ஓட்டக்காரரை நோக்கி உள்ளே பாய்ந்தமையைத் தாம் கண்டதாக அம்மாணவர் விடையிறுத்தார். றொட்றிகஸ் இதனைப் பிழையெனத் தள்ளிவிடவில்லை; ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவிய அம்முறையோடு விரைவான எறிகை இணைந்தபோதே நாம் ஆராயும் ஓட்ட–எறிகைத் தெரிவு உருவாயிற்று. பயிற்றுவிப்பாளரின் பெயரால் வழங்கும் ஒரு கண்டுபிடிப்பின் ஊற்றுக்கண் ஒரு மாணவருடைய கண்ணிலே இருந்தது என்பது எமது வாதத்துக்கு மிக முக்கியமானதாகும்.

2018 பெப்ரவரி 4 ஆம் திகதி நடைபெற்ற 52 ஆவது சுப்பர் போல் இறுதியாட்டத்தில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 41–33 எனத் தோற்கடித்தது. முதன்மை நெறியாளர் காயமுற்றமையால் மாற்று வீரராக வந்த நிக் ஃபோல்ஸ் அவ்வணியை வழிநடத்தினார். அப்பருவத்திலே ஈகிள்ஸ் அணி தெரிவு முறையைப் பரவலாகப் பயன்படுத்தியமை, இதுவரை வல்லுநரிடையே மட்டும் வழங்கிய இச்சொல்லைப் பொதுமக்களின் வழக்காக்கியது.

கட்டளையும் கண்ணும்

அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் போன்று கட்டளைக்கு உட்பட்ட விளையாட்டு வேறொன்றைக் காண்பது அரிது. பிரடெறிக் டெய்லர் 1911 இல் வெளியிட்ட 'அறிவியல் முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்' என்னும் நூலில், வேலையைத் திட்டமிடுதலையும் நிறைவேற்றுதலையும் பிரித்து, சிந்தனையை முகாமையாளரிடமும் செயலைத் தொழிலாளியிடமும் ஒப்படைக்குமாறு வற்புறுத்தினார். அதே கைத்தொழிற் சமுதாயத்தில் வளர்ந்த இவ்வாட்டத்திலும் அப்பிரிவினையின் சாயலைக் காணலாம். 1946 இலிருந்து கிளீவ்லாந்து அணியை நடத்திய போல் பிறவுண், ஒவ்வோர் எத்தனத்துக்குமான கட்டளையைத் தூதுவராக ஒரு வீரரை உள்ளே அனுப்பி நெறியாளருக்கு அறிவித்தார். 1956 இல் அவர் நெறியாளரின் தலைக்கவசத்துள் வானொலிக் கருவி பொருத்தி முயன்றார். அது விரைவிலே தடைசெய்யப்பட்டது. எனினும் 1994 ஆம் ஆண்டிலே தேசிய உதைபந்துச் சங்கம் அத்தகைய கருவியை முறைப்படி அனுமதித்தது.

அவ்வனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. எத்தனம் தொடங்குவதற்குரிய கடிகாரத்தில் 15 விநாடிகள் எஞ்சியிருக்கும்போது தொடர்பு துண்டிக்கப்படும். அதன் பின்னர் பயிற்றுவிப்பாளரின் குரல் நெறியாளரை எட்டாது. ஓட்ட–எறிகைத் தெரிவு முழுவதும் அந்த மௌனத்துள்ளேயே நிகழ்கின்றது. எத்துணை விரிவான திட்டமாயினும், தடுப்பவரின் முதலடி எத்திசையில் விழும் என்பதை எவராலும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. அதனை அறியும் இடத்தில் நிற்பவர் ஒருவரே.

எனினும் இதனை முழுவிடுதலையெனப் புகழ்வது மிகையாகும். எவரைப் பார்க்க வேண்டும், எவ்விரு வழிகளுள் ஒன்றைத் தெரிய வேண்டும் என்பன பயிற்றுவிப்பாளராலேயே வகுக்கப்படுகின்றன. 'இவ்வாறாயின் இது, அவ்வாறாயின் அது' என்ற நிபந்தனைக் கட்டளையாகவும் இதனைக் காணலாம். இத்திறனாய்வில் உண்மையுண்டு. ஆனால், கட்டளையிடுபவர் நிபந்தனை வைக்க நேர்ந்தமையே அவருடைய அறிவின் எல்லையை ஒப்புக்கொள்வதாகும். களத்தில் நிற்பவரின் பார்வை இன்றியமையாதது என்பதை முகாமைத்துவமே ஏற்க வேண்டியதாயிற்று.

சிந்திக்கும் இடமும் நிறவாதமும்

இவ்வொப்புக்கொள்ளல் எளிதாக வந்ததன்று. 1970 ஆம் ஆண்டில் ஜோன் லோய், ஜோசப் மக்எல்வோக் ஆகிய சமூகவியலாளர் இருவர் அமெரிக்க விளையாட்டுக்களில் நிறவழிப் பிரிவினை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அணியின் மையமான, பிறரோடு மிகுந்த தொடர்பாடலை வேண்டும் இடங்களில் வெள்ளையரே பெரும்பான்மையாகவும், ஓரங்களிலுள்ள இடங்களிற் கறுப்பினத்தவர் குவிக்கப்பட்டும் இருந்தமையை அவர்கள் எடுத்துக்காட்டினர். கறுப்பின வீரர் விரைவும் வலிமையும் உடையவர். ஆயின் சிந்தித்து நெறிப்படுத்த வல்லவரல்லர் என்ற நிறவாத எண்ணமே நெறியாளர் பதவியின் வாயிலை அடைத்து நின்றது.

மார்லின் பிறிஸ்கோ 1968 இல் டென்வர் அணியின் நெறியாளராக ஆடி, அப்பருவத்தில் 14 எறிகைகளை இலக்குப் பரப்பிற் சேர்ப்பித்தார். மறு ஆண்டு வேறோர் அணிக்குச் சென்றபோது அவர் ஏந்துநராக மாற்றப்பட்டார். வொறன் மூன், வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1978 ஆம் ஆண்டின் றோஸ் போல் வெற்றியை ஈட்டிக் கொடுத்தவர். எனினும் அவ்வாண்டின் தெரிவில் தேசிய உதைபந்துச் சங்கத்தின் எந்த அணியும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. அவர் கனடாவுக்குச் சென்று எட்மன்டன் அணியுடன் தொடர்ச்சியாக ஐந்து முறை கிரே கிண்ணத்தை வென்ற பின்னரே, 1984 இல் ஹியூஸ்டன் அணி அவரை அழைத்தது. 1988 சனவரி 31 இல் டக் வில்லியம்ஸ் வொஷிங்டன் அணியை வழிநடத்தி டென்வரை 42–10 என வென்றார். சுப்பர் போல் வெற்றியை ஈட்டிய முதற் கறுப்பின நெறியாளர் அவரே. 2023 பெப்ரவரி 12 இல் நடைபெற்ற இறுதியாட்டத்தில் கன்சாஸ் சிற்றி அணியின் பற்றிக் மஹோம்ஸ், பிலடெல்பியாவின் ஜேலன் ஹேட்ஸ் ஆகிய இரு கறுப்பின நெறியாளரும் முதன்முறையாக எதிரெதிரே நின்றனர். கன்சாஸ் சிற்றி 38–35 என வென்றது. இரு அணிகளும் ஓட்ட–எறிகைத் தெரிவைக் கையாள்வதில் தேர்ந்தவை.

கால்களுக்கு மாத்திரம் உரியவரென ஒதுக்கப்பட்டோரே, அரைக்கணத்தில் படித்துத் தீர்மானிக்கும் இந்நுட்பத்தின் தலைசிறந்த விற்பன்னராயினர். உடல் வேறு, அறிவு வேறு எனப் பிரித்து, முன்னதை ஒரு சாராருக்கும் பின்னதை மற்றொரு சாராருக்கும் உரித்தாக்கும் சித்தாந்தம் எத்துணை பொய்யானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எமது களங்கள்

இவ்வாராய்ச்சி எமது கரையோரத்துக்கு என்ன பயனைத் தரும்? அமெரிக்க உதைபந்தாட்டத்தை இங்கு இறக்குமதி செய்யுமாறு நாம் கூறவில்லை. தலையில் மீண்டும் மீண்டும் ஏற்படும் மோதல்கள் மூளையிலே விளைக்கும் நீடித்த சிதைவினை, மருத்துவர் பெனட் ஒமாலு 2005 இல் முன்னாள் வீரர் ஒருவரின் மூளையை ஆராய்ந்து வெளியிட்டமை அவ்வாட்டத்தின் மீது பாரிய வினாக்களை எழுப்பியுள்ளது. நாம் பெறத்தக்கது ஆட்டமன்று. அதன் ஒரு கூறு வெளிப்படுத்தும் உண்மையே.

அறிவும் கையும் பிரியாத தொழில்கள் எம்மிடையே உண்டு. மருதமுனையின் கைத்தறி நெசவாளர் நூலின் இழுவிசையை விரலால் அறிந்து அடியின் வன்மையை மாற்றுகின்றார். கரைவலை இழுப்போர் கயிற்றின் கனத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் உணர்ந்து தமது வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றனர். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமையால் அறிவன்று என்றாகிவிடாது. கிளித்தட்டில் மறிப்பவரின் பாதத்தைப் படிக்கும் சிறுமியிடமும் சிறுவனிடமும் உள்ளது இவ்வகை அறிவே.

ஆனால் பாடசாலை மைதானத்திலே நாம் பெரும்பாலும் காண்பது யாது? பிள்ளை பந்தைப் பெற்றதும் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து, 'அடி', 'குடு', 'ஓடு' என்ற குரல்கள் எழுகின்றன. குரல் செவியை அடைந்து, செவி காலை இயக்குவதற்குள் எதிரி இடம்மாறி விடுகின்றான். கட்டளை சரியானதாயிருந்த கணம் கடந்து போய்விடுகின்றது. அதனினும் பெரிய இழப்பு வேறொன்று: எதிரியைப் பார்க்க வேண்டிய பிள்ளையின் கண் பயிற்றுவிப்பாளரை நோக்கித் திரும்பப் பழகி விடுகின்றது. வகுப்பறையில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கும் மாணவனும் இப்பழக்கத்தின் விளைவே.

இதற்கு மாற்றாக மிக எளிய பயிற்சியொன்றை முன்வைக்கலாம். பத்துக் கஜ அகலமுள்ள ஒரு கட்டம் கீறப்படுதல் வேண்டும். தாக்குவோர் இருவர், தடுப்பவர் ஒருவர், பந்து ஒன்று. பந்தை வைத்திருப்பவர் தடுப்பவரை நோக்கி நேராகச் செல்ல வேண்டும். தடுப்பவரின் முதலடி விழும்வரை முடிவெடுத்தலாகாது. அவர் நெருங்கினால் பந்து பக்கத்தவருக்கு. விலகினால் தாமே முன்னேறுதல். பயிற்றுவிப்பாளர் ஆட்டத்தின்போது வாய்திறவாதிருத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்த பின்னர், 'நீ எதனைக் கண்டாய்?' என்ற ஒரே வினாவை மாத்திரம் கேட்க வேண்டும். கிளென்வில் கல்லூரியில் ஒரு புதிய முறையைப் பிறப்பித்தது இத்தகைய வினாவே. பந்து இல்லாவிடின் கிளித்தட்டே போதுமானது. அதற்குச் செலவும் இல்லை, ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதமும் வேண்டுவதில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் கிளித்தட்டினைப் பழம்பெருமையின் சின்னமாக ஆண்டுவிழாவில் ஒருநாள் மாத்திரம் காட்சிப்படுத்தாது, தீர்மானம் எடுக்கும் ஆற்றலை வளர்க்கும் பாடமாகக் கையாள்வது பயனுடைத்து.

முடிவுரை

ஓட்ட–எறிகைத் தெரிவு, தடுப்பவர் ஒருவரை இரு கடமைகளுக்கு இடையே நிறுத்தி, அவருடைய அசைவே தாக்குபவரின் தீர்மானமாக அமையுமாறு செய்யும் முறை என்பதை மேலே கண்டோம். பெருஞ்செல்வமும் நுண்கருவிகளும் கொண்டு கட்டளையை முழுமைப்படுத்த முயன்ற ஒரு விளையாட்டு, இறுதியிலே களத்தில் நிற்பவரின் கண்ணை நம்ப வேண்டிய நிலையை அடைந்தது. எமது கரையோரப் பிள்ளைகள் மணலிற் கோடு கீறி ஆடியபோது அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்கினர். அங்கே கட்டளையிட எவரும் இருக்கவில்லை. இம்மரபினைத் தொகுத்துப் பேணுவது ஆய்வாளரின் கடன். அது வளர்க்கும் ஆற்றலைப் பிள்ளைகளிடமிருந்து பறியாதிருப்பது ஆசிரியர், பயிற்றுவிப்பாளர், பெற்றோர் ஆகிய எம் அனைவரின் கடனாகும்.